வெளியே தெரியாத வீக்கம்

பங்குனி மாதம், பதநீர் இறங்கும் காலம். ராமநாதபுரம் ஜில்லாவில் உச்சிப்புளிப் பக்கத்தில் எனக்கு மாமா முறையாகும் ஒருவர், காலையில் மூன்றாவது பனையில் பாளை சீவிவிட்டு இறங்கும்போது பிடி நழுவி விழுந்தார். முப்பது அடி இருக்கும். கீழே மணல். கால் முதலில் ஊன்றி, அப்புறம் உட்கார்ந்த வாக்கில் சரிந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இடுப்பில் அருவாப்பெட்டி கட்டினபடியே இருந்தது. கலயம் மட்டும் உடைந்து பதநீர் மணலில் ஓடியிருந்தது. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின்சீட்டில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு எல்லார் கண்ணும் அவருடைய வலது குதிகாலில்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் அது நுங்குக்காய் மாதிரி வீங்கிவிட்டது. "குதிகால்தான் போச்சு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடக்கிறது என்று அவர் முனகியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயரத்திலிருந்து காலூன்றி விழுகிறவர்களுக்குக் குதிகால் எலும்பு நொறுங்குவதும், அதே விசை மேலேறி முதுகெலும்பில் ஒன்று நசுங்குவதும் பல நேரம் சேர்ந்தே நடக்கும். குதிகால் முறிவோடு ஒருவர் வந்தால் எலும்பு மருத்துவர் முதுகையும் படமெடுக்கச் சொல்வது இதனால்தான்.

மாமாவுக்கு நசுங்கியது மார்பு முதுகெலும்பில் பதினோராவது. மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் ஸ்கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தண்டுவடத்துல வீக்கம் இருக்கு. வடியட்டும், பாக்கலாம்" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும், என்னிடமும், ஒரே கேள்விதான்: "வீக்கம் வடிஞ்சிருச்சுன்னா கால் வந்துரும்ல மாப்ள?"

குதிகால் வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்துவிட்டது. உள்ளே இருந்த வீக்கத்தின் கதை வேறு.

தீ என்ற சொல்

மருத்துவர் வீக்கம் என்று சுருக்கிச் சொன்னதற்குப் பாடப்புத்தகத் தமிழில் அழற்சி என்று பெயர். அழல் என்றால் தீ. நல்ல சொல்தான். அடிபட்ட இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும் என்ற நான்கு அடையாளங்களையும் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியில் எழுதி வைத்துவிட்டார்கள். கையில் முள் தைத்தால் நான்கையும் நாமே பார்க்கலாம். தண்டுவடத்தில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. எலும்புக்குள் இருப்பதால் சிவப்பும் வீக்கமும் கண்ணுக்குத் தெரியாது. வலியையும் சூட்டையும் மூளைக்குக் கொண்டுபோகிற கம்பியே அதுதான் என்பதால், அறுந்த இடத்துக்குக் கீழே என்ன எரிந்தாலும் சேதி மேலே போகாது.

முதுகெலும்பும் தண்டுவடமும் ஒன்றல்ல. இதில் நம் ஊரில் நிறையக் குழப்பம் உண்டு. முதுகெலும்பு என்பது அடுக்கி வைத்த எலும்புகள். அவற்றின் நடுவே உள்ள குழாயில், மூளையின் அடியிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல் வரைக்கும் தொங்குகிற நரம்புக் கற்றை தண்டுவடம். பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் தடிமன். அதைச் சுற்றி உறுதியான ஓர் உறை, உறைக்கு வெளியே எலும்பு. குதிகால் வீங்கினால் தோல் இழுபட்டு இடம் கொடுக்கிறது. தண்டுவடம் வீங்கினால் இடம் கொடுக்க யாருமில்லை. வீங்குகிற சதை தன்னுடைய ரத்தக் குழாய்களையே நெரிக்கிறது. ரத்தம் குறைந்த இடத்தில் அடிபடாமல் தப்பிய செல்களும் சாகத் தொடங்குகின்றன.

ஆக, விழுந்தது ஒரு நொடி என்றாலும் காயம் அந்த நொடியோடு முடிவதில்லை. இதை முதன்முதலில் சோதித்துக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரெட் ரெஜினால்ட் ஆலன். 1911இல் அவர் நாய்களின் தண்டுவடத்தைத் திறந்து, அளவான எடையை அளவான உயரத்திலிருந்து அதன்மேல் விழவைத்தார். கேட்கவே சங்கடமான சோதனை. பிறகு சில நாய்களுக்கு மட்டும் தண்டுவடத்தின் நடுக்கோட்டில் மெல்லக் கீறி, உள்ளே தேங்கிய ரத்தத்தையும் நீரையும் வெளியேற்றினார். அவை மற்ற நாய்களைவிடத் தேறின. அடியினால் வந்த சேதம் ஒன்று, தேங்கிய கழிவுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று செய்கிற சேதம் இன்னொன்று என்று அவர் எழுதினார். அந்த 'ஏதோ ஒன்று' என்னவென்று கண்டுபிடிக்க அவருக்கு ஆயுள் இல்லை. 1918இல் முதல் உலகப் போரில் பிரான்ஸில் இறந்துபோனார். இன்று நாம் இரண்டாம் கட்டக் காயம் என்று சொல்வது அவர் சந்தேகப்பட்டதைத்தான். அதில் பெரும்பங்கு அழற்சிக்கு.

யார் யார் வருகிறார்கள்

உடைந்த செல்லுக்குள் இருந்த சரக்கு வெளியே கொட்டியதுமே ஆபத்து மணி அடித்துவிடுகிறது. முதலில் விழித்துக்கொள்வது மைக்ரோக்ளியா என்ற செல்கள். இவை வெளியூர்க்காரர்கள் அல்ல. கருவில் இருக்கும்போதே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் குடிவந்து, காலம் முழுக்க அங்கேயே காவல் இருப்பவை. சில நிமிடங்களுக்குள் கைகளை நீட்டிக் காயத்தைச் சூழ்ந்துகொண்டு, சைட்டோகைன் என்ற தூதுப் பொருட்களை வெளியிடுகின்றன. அதே சமயம், நரம்புகள் பேசிக்கொள்ளப் பயன்படுகிற குளுட்டமேட் அளவுக்கு மீறிக் கசிந்து, பக்கத்து நரம்பு செல்களைத் தூண்டித் தூண்டியே சாகடிக்கிறது. ரத்தத்தில் உள்ள கண்டதும் தண்டுவடத்துக்குள் புகாமல் தடுக்கிற குழாய்ச் சுவரும் ஒழுகத் தொடங்குகிறது.

அந்த ஓட்டை வழியாக ஒரு நாளுக்குள் வந்து சேர்வது நியூட்ரோஃபில்கள். ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்களில் அதிக எண்ணிக்கை இவைதான். கிருமியைக் கொல்வதற்கென்றே பிறந்தவை. காலில் ஆணி ஏறினால் இவை இல்லாமல் பிழைக்க முடியாது. ஆனால் பனையிலிருந்து விழுந்தவரின் தண்டுவடத்தில் கிருமியே கிடையாது. தோல்கூடக் கிழியவில்லை. கொல்ல ஆளில்லாத இடத்தில், கொல்லும் வேலை மட்டுமே தெரிந்த கூட்டம் வந்து அமிலத்தையும் அரிக்கும் நொதிகளையும் கொட்டுகிறது. ஒழுகிய சுவர் இன்னும் ஒழுகுகிறது. என்னைக் கேட்டால், தண்டுவட அழற்சியில் 'வேண்டாத வேலை' என்று ஓரளவு துணிந்து சொல்லக்கூடிய இடம் இதுதான். மற்ற எல்லா இடத்திலும் சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் மூன்றாம் நாளிலிருந்து வருகிறவர்கள் மேக்ரோஃபேஜ்கள், பெருந்தீனிச் செல்கள். ஒரு வாரத்தில் இடத்தை நிரப்பிவிடும். மாதக்கணக்கில் போகாது. இவற்றின் வேலை கூளம் அள்ளுவது. நரம்பு இழையைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை உண்டு, மின்கம்பிக்கு ரப்பர் உறை மாதிரி. இழை அறுந்தால் உறை தூள்தூளாகிக் குப்பையாகக் கிடக்கும். அந்தக் குப்பை கிடக்கும்வரை புது இழை அதற்குள் நுழைந்து வளராது. மயலின் துகளிலேயே 'வளராதே' என்று தடுக்கிற புரதங்கள் இருக்கின்றன.

மீன் அறுக்கும்போது விரலில் நரம்பு வெட்டுப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். தைத்த பிறகு மெல்ல மெல்ல உணர்வு ஊர்ந்து வரும், நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் கணக்கில். அங்கே பெருந்தீனிச் செல்கள் சில வாரத்தில் குப்பையை அள்ளி முடித்து வழி விடுகின்றன. தண்டுவடத்திலோ அதே வேலை இழுபறியாக நடக்கிறது. கொழுப்பைத் தின்று தின்று நுரை பொங்கினாற்போல் வீங்கி, அள்ளியதைக் கொண்டுபோய்க் கொட்ட வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் சும்மா இருப்பதும் இல்லை, சைட்டோகைனைக் கசிந்துகொண்டே இருக்கும்.

தண்டுவட நரம்புக்கே வளரும் குணம் இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1981இல் கனடாவின் மாண்ட்ரியலில் டேவிட், அகுவாயோ என்ற இருவர், எலியின் கால் நரம்பை எடுத்துத் தண்டுவடத்தில் ஒட்டுப்போட்டு, அதன் வழியாகத் தண்டுவட இழைகள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்ததைக் காட்டினார்கள். விதையில் கோளாறில்லை, மண்ணில்தான் என்று தெரிந்தது. மண்ணைப் பக்குவப்படுத்துகிறவனோ கெடுக்கிறவனோ, அழற்சிதான் அங்கே முதல் ஆள் என்பதால் கவனம் முழுக்க அதன்மேல் திரும்பியது.

திரும்பியதும் வந்தது பெருங்குழப்பம். 1998இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கல் ஷ்வார்ட்ஸின் குழு, வெளியே பக்குவப்படுத்திய மேக்ரோஃபேஜ்களைக் காயம்பட்ட எலியின் தண்டுவடத்தில் செலுத்தியது. எலிகள் ஓரளவு தேறின. அடுத்த வருஷமே, 1999இல், அமெரிக்காவில் பாபோவிச்சின் குழு வேறு எலிகளில் ரத்தத்திலிருந்து வரும் மேக்ரோஃபேஜ்களை மருந்து கொடுத்து ஒழித்தது. அந்த எலிகளும் தேறின! கொடுத்தாலும் தேறுகிறது, எடுத்தாலும் தேறுகிறது என்றால் எதை நம்புவது? ஷ்வார்ட்ஸின் வழியை மனிதர்களிடம் சோதித்தார்கள். 2012இல் வெளியான முடிவில் பலன் எதுவும் தெரியவில்லை.

பிறகு மெல்லப் புரிந்த சங்கதி இது. மேக்ரோஃபேஜ் ஒரே குணமுள்ள செல் அல்ல. சுற்றிலும் உள்ள சேதியைப் பொறுத்து, எரிக்கிற குணத்துக்கும் ஆற்றுகிற குணத்துக்கும் நடுவே எங்கேயும் நிற்கும். சாதாரணக் காயத்தில் முதல் சில நாள் எரிப்பு, அப்புறம் ஆற்றுதல் என்று தானே மாறிவிடும். தண்டுவடத்தில் அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. ஆற்றுகிறவை கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டுக் குறைந்துபோக, எரிக்கிறவை தங்கிவிடுகின்றன என்று 2009இல் எலிகளில் காட்டினார்கள். தீ பிடித்ததல்ல இங்கே சிக்கல், அணையாமல் கனிந்துகொண்டே கிடப்பதுதான்.

நம் கடற்கரையில் ஓலைக் குடிசை எரியும்போது ஊரார் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த பகுதி எளிதில் விளங்கும். எரிகிற குடிசையை விட்டுவிடுவார்கள். பக்கத்துக் குடிசையின் கூரையை அவசர அவசரமாகப் பிரித்துப் போடுவார்கள், தீ தாவாமலிருக்க. தண்டுவடத்தில் அதைச் செய்கிறவை அஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவச் செல்கள். ஒன்றிரண்டு வாரத்தில் காயத்தைச் சுற்றி அடர்ந்த வேலி கட்டிவிடும். இந்த வேலிதான் நரம்பு வளர்வதைத் தடுக்கிற வில்லன் என்று பல காலம் எழுதினார்கள். 2016இல் அமெரிக்காவில் சோஃப்ரோனியூவின் குழு எலிகளில் வேலி உருவாகாமலே தடுத்துப் பார்த்தது. நரம்பு வளரவில்லை. வேலி இருந்தபோது, தகுந்த வளர்ச்சிப் பொருட்களையும் சேர்த்துக் கொடுத்தால், இழைகள் வேலியைத் தாண்டி வளர்ந்தன. மைக்ரோக்ளியாவும் அப்படியே: அவற்றை ஒழித்த எலிகளில் காயம் பரவியது என்று 2019இல் தெரிந்தது. பிறந்து ஓரிரு நாளே ஆன எலிக்குஞ்சின் தண்டுவடத்தை நசுக்கினால் தழும்பே இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது, அதைச் செய்வதும் மைக்ரோக்ளியாதான் என்பது 2020ஆம் வருஷத்துக் கண்டுபிடிப்பு. எலிக்குஞ்சில் ஆற்றுகிற அதே செல் வளர்ந்த உடம்பில் ஏன் தடுமாறுகிறது என்பதைத்தான் இப்போது தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணீர் ஊற்றி அணைத்தால் என்ன?

அதையும் செய்து பார்த்தாயிற்று. அழற்சியை அடக்க மருத்துவத்தில் உள்ள பெரிய ஆயுதம் ஸ்டீராய்டு. 1990இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்று, அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மிகப் பெரிய அளவில், உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி. என்று தொடங்கி ஒரு நாள் முழுக்க ஏற்றினால், கைகால் அசைவு கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது என்றது. உலகம் முழுக்க அது நடைமுறையானது. நம் பக்கத்து மருத்துவமனைகளிலும் 'தண்டுவட அடியா, ஊசியைப் போடு' என்றே இருந்தது.

பிறகுதான் கணக்கைக் கிண்டினார்கள். மொத்த நோயாளிகளை எடுத்தால் வித்தியாசமே இல்லை. எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களைத் தனியாகப் பிரித்தபோதுதான் அந்தச் சிறு பலன் தெரிந்திருக்கிறது. 1997இல் வந்த அடுத்த ஆய்வில், இரண்டு நாள் ஏற்றியவர்களுக்குக் கடுமையான நிமோனியாவும் ரத்தத்தில் கிருமி பரவுவதும் கூடின. 2004இல், தலையில் அடிபட்ட பத்தாயிரம் பேரிடம் இதே மருந்தைச் சோதித்தபோது, மருந்து பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். அது மூளைக் காயம், இது தண்டுவடம் என்றாலும் அதற்கப்புறம் யாருக்கும் கை ஓடவில்லை. 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் இந்த மருந்து வேண்டாம் என்றே எழுதிவிட்டது. 2017இல் வேறொரு மருத்துவர் குழு, எட்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஒரு நாள் மட்டும் கொடுப்பதை ஒரு வாய்ப்பாக எண்ணலாம் என்றது. இன்றும் ஒரு மருத்துவர் போடுவார், பக்கத்து மருத்துவர் போடமாட்டார். இருவருமே தப்புச் செய்யவில்லை.

ஸ்டீராய்டு தோற்றதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது நியூட்ரோஃபிலை மட்டும் தேர்ந்து அடக்குவதில்லை. கூளம் அள்ளுகிறவன், வேலி கட்டுகிறவன், நுரையீரலில் கிருமியோடு சண்டை போடுகிறவன் எல்லாரையும் சேர்த்தே உட்கார வைக்கிறது.

இன்றைக்கு மருத்துவர்கள் மருந்தைவிட அதிகமாக நம்புவது நேரத்தை. நசுங்கிய எலும்பு தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தால் 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து அழுத்தத்தை எடுத்துவிடுவது நல்லது என்பது 2012இல் வந்த கழுத்துத் தண்டுவட ஆய்வுக்குப் பின் வலுப்பட்டது. அதோடு ரத்த அழுத்தம் இறங்காமலும் ஆக்சிஜன் குறையாமலும் முதல் சில நாள் பார்த்துக்கொள்வது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர் போகவேண்டியவர்களுக்கு இந்த 24 மணி நேரம் ஒன்றும் தாராளமல்ல. முதலில் நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, அப்புறம் கிளம்பினால் தீர்ந்தது.

அதற்கும் முன்னால் அந்த ஆட்டோ. முறிந்த முதுகை மடக்கி உட்கார வைத்தால் எலும்புச் சில் தண்டுவடத்தில் இன்னும் ஏறும். முதல் காயமே பெரிதாகும், அதையொட்டி வரும் அழற்சியும் பெரிதாகும். தலை, முதுகு, இடுப்பு ஒரே கோட்டில் இருக்க, நாலைந்து பேர் சேர்ந்து கட்டையை உருட்டுவதுபோல் ஒன்றாகப் புரட்டி, பலகையிலோ கழற்றிய கதவிலோ படுக்க வைத்து 108க்குக் காத்திருப்பது, பனங்காட்டில் யாரும் செய்யக்கூடிய முதல் அழற்சி வைத்தியம்.

கடலுக்குள்ளும் ஒரு வழி

விழாமலே தண்டுவடம் கெடுகிற வழி ஒன்றும் இந்தக் கரையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறார்கள். ஒரு மூச்சில் போய் ஒரு மூச்சில் திரும்புவதால் அவர்களுக்குப் பொதுவாக இந்த ஆபத்து இல்லை. கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சங்குக்காக ஆழத்தில் நெடுநேரம் கிடப்பவர்களுக்குத்தான். அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்திருக்கும். சட்டென்று மேலே வந்தால் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழியிடும். மயலின் கொழுப்பு என்பதால் தண்டுவடத்தில் நைட்ரஜன் நிறையவே தங்கும். குமிழிகள் அங்குள்ள சிரைகளை அடைக்கும். குமிழியின் மேற்பரப்பையே அந்நியப் பொருளாக எண்ணி ரத்தத்தட்டுகளும் வெள்ளணுக்களும் அதில் ஒட்டி, அழற்சி தொடங்கிவிடும். இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல் இறுக்கம், காலில் எறும்பு ஊர்வது, சிறுநீர் போகாமை. இவற்றைக் களைப்பு என்று எண்ணிப் படுத்துத் தூங்கிவிடுகிறவர்கள் உண்டு. படுக்க வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்து, காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள இடத்துக்குச் சேர்ப்பதுதான் வைத்தியம். மறுபடி கடலுக்குள் இறங்கினால் சரியாகிவிடும் என்ற பழைய யோசனை ஆளைக் கொன்றாலும் கொல்லும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மாமா வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதத்தில் அத்தை போன் போட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "கால் ஆடுது மாப்ள, தானா வெடுக்குனு இழுக்குது!"

அது எனக்குக் கஷ்டமான அழைப்பு. தண்டுவடத்தில் அடிபட்டதும் காயத்துக்குக் கீழே உள்ள பகுதி அதிர்ச்சியில் ஊமையாகிவிடும். நாட்களோ வாரங்களோ கழித்து, மூளையின் சொல் வராவிட்டாலும், கீழ்த் தண்டுவடம் தன்னிச்சையாக வேலை செய்யத் தொடங்கும். கட்டுப்பாடு இல்லாத அந்தத் துடிப்புதான் வெடுக்கென்ற இழுப்பு. அவர் நினைத்து அசைத்தால்தான் திரும்பி வருவதாக அர்த்தம். சிலருக்கு அப்படியும் கொஞ்சம் வருவது உண்டு, முக்கியமாக முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள். வீக்கமும் நீர்க்கோப்பும் குறைந்ததால் நெரிபட்டிருந்த, ஆனால் அறுபடாத இழைகள் மறுபடி பேசத் தொடங்குவதும் அதற்கு ஒரு காரணம். மருத்துவர் "வடியட்டும்" என்றது பொய்யில்லை. எத்தனை இழை அறுபடாமல் மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் மீதி எல்லாம்.

இந்த இடைவெளியில்தான் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி விற்கிறவர்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். படகை விற்றவர்களையும் தோட்டத்தை அடமானம் வைத்தவர்களையும் கேள்விப்படுகிறோம். ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்.

வீட்டில் உண்மையாகவே அழற்சியைத் தீர்மானிக்கிறவை வேறு, சலிப்பூட்டுகிறவை. கழுத்திலோ மேல்மார்பிலோ அடிபட்டவர்களுக்கு, மண்ணீரலுக்குப் போகிற நரம்புக் கட்டளையும் குலைவதால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாழ்ந்துவிடுகிறது. தண்டுவடத்துக்குள் தீ அணையாமல் கிடக்க, வெளியே உடம்பு கிருமியோடு சண்டை போடத் தெம்பில்லாமல் இருக்கும். ஒரே ஆளுக்குள் இந்த இரண்டும். எந்த மட்டத்தில் அடிபட்டாலும் நிமோனியா, சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண் மூன்றும் ஆளைச் சாய்க்கக் காத்திருக்கும். ஒவ்வொரு தொற்றும் ரத்தம் முழுக்க அழற்சிச் சேதியைப் பரப்பி, மிஞ்சியிருக்கிற இழைகளையும் தொந்தரவு செய்யும் என்று கருத நல்ல காரணம் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் சிறுநீர் எடுக்க டியூப் போடவேண்டியிருக்கிறதே என்று குடிப்பதைக் குறைக்கிறவர்கள் உண்டு. தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஜில்லாவில் இதற்கு வேறு தூண்டுதலே வேண்டாம். குறைந்தால் தொற்று ஓடி வரும்.

அப்புறம் உப்பு ஒத்தடம். எவ்வளவு சொன்னாலும் நிற்காது. வறுத்த உப்பைத் துணியில் கட்டி மரத்த காலில் வைத்து, சுடுகிறது என்று சொல்ல முடியாதவருக்குத் தோல் வெந்துபோகும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும்.

இந்த வாழ்க்கையை நடத்திக் காட்டியவர்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு மையம் அவரால் உருவானது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். நம் கரையில் விழுகிறவர்களில் எத்தனை பேர் அந்த மாதிரி இடங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்று யோசித்தால் மனம் சோர்ந்துபோகிறது. அறுவை முடிந்ததும் தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதோடு பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது.

மாமாவின் நார்க்கட்டில் இப்போது திண்ணையில் கிடக்கிறது. அவர் படுப்பது தண்ணீர் மெத்தையில். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். அத்தையின் பட்டன் போனில் அதற்கு மணி வைத்துக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் போயிருந்தபோது இரவு இரண்டு மணிக்கு அது அடித்தது. அத்தை எழுந்து, லைட்டைப் போட்டு, அவரை ஒருக்களித்துத் திருப்பி, இடுப்பெலும்பு முட்டுகிற இடத்தில் சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் வெளுத்துப் பழையபடி நிறம் திரும்பியது. "சுடுதா?" என்று மாமா கேட்டார். "இல்ல, பச்சுனு இருக்கு" என்று சொல்லிவிட்டு லைட்டை அணைத்தார்.